ஒன்பது கேள்விகளைத் திருத்தி எழுதியவர்கள்: ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களிடையே மனச்சோர்வை அறியும் முயற்சி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மத்திய ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வட்டாரத்துச் சுகாதார நிலையம் ஒன்றுக்கு இதய நோய் மாத்திரை வாங்க வரும் ஐம்பது வயதுப் பூர்வகுடி ஆண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஆங்கிலம் அவருக்கு மூன்றாவது மொழியாகவோ நான்காவது மொழியாகவோ இருக்கும். செவிலியர் ஒரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு, "கடந்த இரண்டு வாரங்களில், எதைச் செய்வதிலும் ஆர்வமோ இன்பமோ குறைந்திருந்ததா? ஒருநாளும் இல்லையா, சில நாட்களா, பாதிக்கு மேற்பட்ட நாட்களா, ஏறத்தாழ எல்லா நாட்களுமா?" என்று கேட்கிறார். அவர் தரையைப் பார்த்தபடி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ம்" என்கிறார். அந்த "ம்" எந்தக் கட்டத்துக்கு உரியது என்பது செவிலியருக்கும் தெரியாது, வந்தவருக்கும் தெரியாது. ஆனாலும் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் விழுந்துவிடும். அதிலிருந்து ஒரு மதிப்பெண் பிறக்கும். அது கோப்பில் ஏறும்.

அந்தத் தாளின் பெயர் பி.எச்.கியூ-9. அமெரிக்காவில் உருவாகி 2001-இல் வெளியான இந்த வினாத்தாளில் ஒன்பது கேள்விகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் போனால் மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று கொண்டு மேற்கொண்டு விசாரிப்பது வழக்கம். இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும், செலவில்லை என்பதால் உலகெங்கும் பொது மருத்துவர்கள் இதைத்தான் கையில் எடுக்கிறார்கள். மத்திய ஆஸ்திரேலியாவில் இதைப் பூர்வகுடி ஆண்கள் தங்கள் பேச்சுக்கு ஏற்பத் திருத்திய விதமும், திருத்தப்பட்ட தாள் பின்னர் நாடளாவிய சோதனைக்கு உள்ளான விதமும் இங்கே ஆராயப்படுகின்றன. திருத்தத்தில் எந்தச் சொல் போய் எந்தச் சொல் வந்தது என்பது சுவையான செய்திதான் என்றாலும், திருத்தும் உரிமை யார் கைக்குப் போனது என்பதே இதில் முதன்மையானது என்று நான் கருதுகிறேன். அது ஏன் என்பது விளங்க, சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

உளவியல் இம்மக்களிடம் முதலில் வந்தபோது ஆறுதல் சொல்ல வரவில்லை, அளக்க வந்தது. புதிர்ப்பாதைச் சோதனையை உருவாக்கிய ஸ்டான்லி போர்ட்டியஸ் 1929-இல் ஹவாயிலிருந்து வடமேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதிக்கும் மத்தியப் பாலைநிலத்துக்கும் வந்து அங்குள்ளோரைச் சோதித்தார். கிடைத்த முடிவுகளை இனங்களின் தரவரிசையாக வாசிக்கும் போக்கு அவருடைய எழுத்தில் ஓங்கியிருந்தது. அந்த வாசிப்பில் எங்கே பிழை என்பதை மிக எளிய வழியில் காட்டியவர், 1981-இல் தம் ஆய்வை வெளியிட்ட ஜூடித் கியரின்ஸ். மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலப் பகுதிப் பூர்வகுடிச் சிறாரையும் வெள்ளையினச் சிறாரையும் தனித்தனியே உட்காரவைத்து, கட்டம் பிரித்த பலகை ஒன்றில் 20 பொருட்களைப் பரப்பினார். சிறிது நேரம் பார்க்கவிட்ட பிறகு பொருட்களையெல்லாம் கலைத்துக் குவித்துவிட்டு, எது எங்கே இருந்ததோ அங்கேயே திருப்பி வைக்கச் சொன்னார். பொருட்கள் நான்கு வகை: வெவ்வேறு செயற்கைப் பொருட்கள், வெவ்வேறு இயற்கைப் பொருட்கள், ஒரே இனமான புட்டிகள், ஒரே இனமான கற்கள். நான்கிலும் பாலைநிலச் சிறாரே முன்னே நின்றார்கள்.

அவர்கள் அதைச் செய்த முறை இன்னும் கவனிக்கத்தக்கது. வெள்ளையினச் சிறார் உதட்டை அசைத்துப் பெயர்களை முணுமுணுத்தார்கள், நெளிந்தார்கள், பொருட்களைத் தொட்டு எடுத்துப் பார்த்தார்கள். பாலைநிலச் சிறாரோ அசையாமல் அமர்ந்து பார்த்தார்கள். திருப்பி வைக்கும்போதும் அவசரப்படாமல், வைத்ததை மாற்றாமல் வைத்தார்கள். கற்களுக்குத் தனித்தனிப் பெயர் கிடையாது. ஆகவே பெயரைப் பற்றிக்கொண்டு நினைவில் வைப்பவருக்கு அங்கே பிடி இல்லை, தோற்றத்தை அப்படியே மனத்தில் வாங்கிக்கொள்பவருக்குக் கல்லும் ஒன்றுதான், கத்தரிக்கோலும் ஒன்றுதான். வகுப்பறையில் "மந்தம்" என்று எழுதப்படக்கூடிய அதே மௌனம் இங்கே திறமையின் அடையாளமாக இருந்தது. மருத்துவ அறையில் தரையைப் பார்த்தபடி பேசாமலிருக்கும் அந்த ஐம்பது வயதுக்காரரை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இடைப்பட்ட பதிற்றாண்டுகளில் நடந்தவற்றை இங்கே விரிக்க இடமில்லை. 1910 முதல் 1970 வரையிலான காலத்தில், மூன்றில் ஒன்று முதல் பத்தில் ஒன்று வரையிலான பூர்வகுடிக் குழந்தைகள் குடும்பத்திலிருந்து வலிந்து பிரிக்கப்பட்டதாக மனித உரிமை ஆணையத்தின் 1997 அறிக்கை கணித்தது. பிரதமர் கெவின் ரட் 2008 பிப்ரவரி 13 அன்று நாடாளுமன்றத்தில் அதற்காக மன்னிப்புக் கேட்டார். ஆஸ்திரேலிய உளவியல் சங்கம் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்க 2016 செப்டம்பர் ஆயிற்று. தாமதமாக வந்தாலும் அந்த அறிக்கை வழவழவென்று இல்லை. இம்மக்களின் நம்பிக்கைகளையும் உலகப் பார்வையையும் மதிக்காத நோய்ப் பகுப்பு முறைகளைப் பயன்படுத்தியது, அவர்களுடைய திறன் பற்றித் தவறான செய்தி தரும் சோதனைகளை நடத்தியது, ஆய்வுக்கு உட்பட்டவர்களின் வாழ்வைவிட ஆய்வாளர்களின் பதவி உயர்வுக்கே பயன்பட்ட ஆய்வுகளைச் செய்தது, அவர்களுடைய குணப்படுத்தும் முறைகளைப் புறக்கணித்தது, குழந்தைகள் பறிக்கப்பட்டபோது வாய்திறவாமல் இருந்தது எனத் தவறுகளைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டது. அதற்கும் முன்பே, 2008-இல், பூர்வகுடி உளவியலாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் முதல் பூர்வகுடி உளவியலாளராக அறியப்படும் பாட் டஜன், கிம்பர்லியைச் சேர்ந்த பார்டி இனப் பெண்மணி, அதில் முன்னின்றவர்.

இனி நிகழ்வுக்கு வருவோம். யூயின் இனத்தவரான மருத்துவ ஆய்வாளர் அலெக்ஸ் பிரவுனும் குழுவினரும் மத்திய ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஆண்களிடையே இதய நோய்க்கும் மனத்துயருக்கும் உள்ள தொடர்பை ஆராய முற்பட்டார்கள். துயரை அளக்க ஒரு கருவி வேண்டும். கையில் இருந்தது பி.எச்.கியூ-9. அதை மொழிபெயர்த்துப் பயன்படுத்தியிருந்தால் ஓர் ஆய்வறிக்கை எளிதாக முடிந்திருக்கும். அவர்கள் அப்படிச் செய்யாமல், "மனம் கெட்டுக் கிடக்கும் ஆணை நீங்கள் எப்படி அடையாளம் காண்பீர்கள்? அதை எப்படிச் சொல்வீர்கள்?" என்ற இடத்திலிருந்து அங்குள்ள ஆண்களோடு உரையாடத் தொடங்கினார்கள்.

அந்த ஆண்கள் சொன்னவற்றில் பாதி பாடநூலில் இருப்பதுதான்: உறக்கமின்மை, சோர்வு, ஒதுங்கியிருத்தல். மீதி பாடநூலின் முதன்மை அறிகுறிப் பட்டியலில் இல்லாதது. கோபமும் எரிச்சலும் துயரின் முகங்களாக அவர்கள் பேச்சில் வந்தன. ஓயாத கவலை வந்தது. குடும்பத்திலிருந்தும் தன் நிலத்திலிருந்தும் அறுபட்டுப் போதல் வந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில், உள்ளிருக்கும் உயிர் பலவீனப்பட்டுப் போதல் என்ற கருத்து நின்றது. மத்தியப் பாலைநிலத்துப் பிட்ஜன்ஜாஜாரா மொழியில் இதற்குரிய சொல் குருன்பா. ஆங்கிலத்தில் இதை "ஸ்பிரிட்" என்று எழுதுகிறார்கள். அதை நாம் தமிழில் "ஆவி" என்று எழுதினால் பேயும் பிசாசும் வந்து உட்கார்ந்துகொள்ளும், "ஆன்மா" என்றால் சைவ சித்தாந்த வகுப்புக்குள் போய்விடுவோம். "அந்தச் செய்தி கேட்டதும் எனக்கு உயிரே இல்லை" என்று வீட்டில் சொல்கிறோமே, அந்த உயிர்தான் ஏறத்தாழ இதற்கு நெருக்கம்.

திருத்தப்பட்ட தாளில் முதல் கேள்வி, "சோம்பிப்போய், எதையும் செய்ய மனமில்லாமல் இருந்தீர்களா?" என்பது. ஆங்கில மூலத்தில் இதற்கு அவர்கள் தேர்ந்த சொல் "ஸ்லாக்", தெருவில் புழங்கும் சொல். இரண்டாம் கேள்வி, மகிழ்ச்சியற்று, மிகவும் நொந்துபோய், உங்கள் உயிர் வருந்திக் கிடந்ததா என்று கேட்கிறது. செய்தித்தாள் படிக்கும்போதும் தொலைக்காட்சி பார்க்கும்போதும் கவனம் சிதறுகிறதா என்ற பழைய கேள்வியில் செய்தித்தாளே காணாமல் போயிற்று. தெளிவாக யோசிக்க முடியவில்லையா, புதிதாக ஒன்றைக் கற்பது கடினமாக இருக்கிறதா என்று அது மாறியது. "தோல்வியடைந்தவர் என்று உங்களைப் பற்றி எண்ணினீர்களா, உங்களையோ குடும்பத்தையோ கைவிட்டுவிட்டதாக எண்ணினீர்களா" என்ற கேள்வியில் "தோல்வி" போயிற்று, "உங்களை" என்பதும் போயிற்று. எதற்கும் உதவாதவர், குடும்பத்தைக் கைவிட்டவர் என்று உணர்ந்தீர்களா என்பது நின்றது. தன்னைத் தானே கைவிடுவது என்பது, ஒருவர் தனித்து நிற்பதை இயல்பாகக் கொள்ளும் ஊரில் பிறந்த தொடர்.

எனக்கு மிகவும் பிடித்தது பசி பற்றிய திருத்தம். பழைய தாள் "பசியின்மை அல்லது அளவுக்கு மீறிச் சாப்பிடுதல்" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடும். புதிய தாளின் கேள்வி இது: "சாப்பாடு இருந்தபோதும் அதிகம் சாப்பிடத் தோன்றாமல் இருந்ததா?" அந்த "இருந்தபோதும்" என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால், தொலைதூரக் குடியிருப்புகளில் ஒரே ஒரு கடையும், நகரத்தைவிட எவ்வளவோ கூடுதலான விலைகளும், அரசு உதவித்தொகை வருவதற்கு முந்தைய நாட்களின் வெறும் அலமாரியும் இருக்கின்றன. சாப்பிடாததற்குக் காரணம் மனமா, அலமாரியா என்று பிரித்துக் கேட்க வேண்டும் என்பது, அலமாரி எப்போதும் நிறைந்திருக்கும் ஊரில் கேள்வி எழுதுபவருக்குத் தோன்றாது.

விடைகளும் மாறின. நாட்களை எண்ணிச் சொல்லும் நான்கு கட்டங்களுக்குப் பதிலாக, இல்லை, கொஞ்சம், பெரும்பாலான நேரம், எப்போதும் என்ற நான்கு அளவுகள் வந்தன. சாவைப் பற்றிய ஒன்பதாவது கேள்வி சுற்றிவளைக்காமல் நேரடியாகக் கேட்கும்படி அமைந்தது.

திருத்தியாயிற்று, அது சரியாக வேலை செய்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஜார்ஜ் உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த மரீ ஹாக்கெட்டின் தலைமையில் நடந்த ஆய்வு, பூர்வகுடி மக்களுக்குச் சேவை செய்யும் 10 முதல்நிலைச் சுகாதார அமைப்புகளில் 500 பேரிடம் இந்தத் தாளைக் கொடுத்துப் பார்த்தது. அதே ஆட்களிடம் விரிவான, கட்டமைக்கப்பட்ட உளநோய் நேர்காணல் ஒன்றும் நடத்தப்பட்டு, இரண்டும் ஒப்பிடப்பட்டன. முடிவுகள் 2019-இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளிவந்தன. நேர்காணலின்படி 108 பேருக்கு, அதாவது 22 விழுக்காட்டினருக்கு, அந்த வேளையில் பெரும் மனச்சோர்வு இருந்தது. 10 என்ற எல்லைக்கோட்டை வைத்துக்கொண்டால், மனச்சோர்வு உள்ளவர்களில் 84 விழுக்காட்டினரைத் தாள் சரியாகப் பிடித்தது. இல்லாதவர்களில் 77 விழுக்காட்டினரை இல்லை என்று சரியாக விட்டுவிட்டது.

இந்த விழுக்காடுகளை ஆட்களாக மாற்றிப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். 108 பேரில் ஏறத்தாழ 91 பேர் தாளில் சிக்குகிறார்கள். மனச்சோர்வு இல்லாத 392 பேரிலும் ஏறத்தாழ 90 பேர் சிக்குகிறார்கள். ஆக, தாள் "கவனியுங்கள்" என்று கைகாட்டும் இருவரில் ஒருவருக்கே நேர்காணலின் கணக்கில் மனச்சோர்வு உண்டு. முதற்கட்ட வடிகட்டலுக்கு இது ஏற்கத்தக்க அளவு. நோய் இதுதான் என்று முத்திரை குத்துவதற்கு அல்ல. ஆனால் அந்த 90 பேரையும் "தவறான எச்சரிக்கை" என்று ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தாளைச் சரிபார்க்கப் பயன்பட்ட நேர்காணலும் மேற்கத்திய நோய்ப் பகுப்பு முறையிலிருந்து பிறந்ததுதான். ஊர்க்காரர்கள் செய்த புதிய படியைப் பழைய கடையின் படியால் அளந்து பார்த்திருக்கிறோம். அளவு கூடிக்குறைந்தால் பிழை எந்தப் படியில் என்று அந்த எண்களைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்ல இயலாது. அந்த 90 பேரில் சாவு வீட்டுத் துக்கத்தில் இருப்பவரும், ஊரைவிட்டு நகரத்துக்குச் சிகிச்சைக்கு வந்து நிலத்தை நினைத்து ஏங்குபவரும் இருக்கக்கூடும். நோயாளியின் பட்டியலில் சேராத துன்பமும் துன்பம்தான்.

நல்ல தாளும் கெட்ட அறையில் கெட்டுப்போகும். பூர்வகுடியினர் பலருடைய பேச்சு வழக்கில், அதிகாரத்தில் உள்ளவர் அடுக்கிக் கேட்கும் கேள்விகளுக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும், சில வேளை கேள்வியே புரியாவிட்டாலும், "ஆமாம்" என்று சொல்லி முடித்துக்கொள்வது உண்டு. மொழியியலாளர் டயானா ஈட்ஸ் நீதிமன்றங்களில் இதனால் விளைந்த கேடுகளை விரிவாக எழுதியிருக்கிறார். கண்ணோடு கண் பார்க்காதிருப்பது அவர்களிடையே பெரும்பாலும் மரியாதை; மருத்துவக் குறிப்பில் அது "ஒத்துழைப்புக் குறைவு" என்று பதிவாகிவிடும். ஆண்களின் காரியம், பெண்களின் காரியம் என்ற பிரிவினை உண்டு. இளம்பெண் செவிலியர் ஒருவர் கேட்கும் சில கேள்விகளுக்கு மூத்த ஆண் வாய் திறக்கவே மாட்டார். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளக் கூடாத குடும்பங்களில், மொழிபெயர்க்க உறவினரையே அழைத்தால் யார் யாருக்கு என்ன முறை என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். இறந்தவரின் பெயரைச் சொல்லாமல் வேறொரு சொல்லால் குறிக்கும் வழக்கமும் மத்தியப் பகுதியில் உறுதியாக உள்ளது. அண்மையில் இறந்த உறவினரின் குரல் கேட்டது, உருவம் தெரிந்தது என்று துக்க காலத்தில் ஒருவர் சொல்வது அங்கே இயல்பான பேச்சு. அதை அறியாத மருத்துவர் அதை மனப்பிறழ்வின் அறிகுறியாக எழுதிவிட்டால், அந்த ஒரு வரி அவருடைய கோப்பில் ஆண்டுக்கணக்கில் தொடரும்.

இதனால்தான் "யார்னிங்" என்று அவர்கள் சொல்லும் பேச்சுமுறை இவ்வளவு முதன்மை பெறுகிறது. டான் பெசராப் என்ற பூர்வகுடி ஆய்வாளரும் உடன் பணியாற்றியோரும் இதை மருத்துவ உரையாடலுக்கு ஏற்ப ஒழுங்குபடுத்தினார்கள். முதலில் ஊர், உறவு, யார் வீட்டுப் பிள்ளை என்ற பேச்சு. அது கனிந்த பிறகே நோய் பற்றிய பேச்சு. அதன் பிறகு என்ன செய்யலாம் என்ற பேச்சு. அவசரக்காரருக்கு முதல் பகுதி வீண்பேச்சாகத் தோன்றும். ஆனால் எதிரே இருப்பவர் பதில் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அந்தப் பகுதியில்தான்.

கிம்பர்லிப் பெண்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். கர்ப்ப காலத்திலும் பேறுக்குப் பின்னும் மனச்சோர்வை அறிய உலகம் முழுவதும் பயன்படுவது, 1987-இல் வெளியான எடின்பரோ அளவுகோல். அதன் பத்துக் கேள்விகளில் ஒன்று ஆங்கில மரபுத்தொடர் ஒன்றை நம்பி நிற்கிறது. சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் "பொருட்கள் என்மேல் ஏறிக்கொண்டிருக்கின்றன" என்று பொருள்படும்; அது சொல்ல வருவதோ எதையும் சமாளிக்க முடியாமல் போவதை. கிம்பர்லியில் உருவான தாய்மார் மனநிலை அளவுகோலின் முதல் பாகம் இக்கேள்விகளை உள்ளூர்ப் பேச்சுக்கும் படங்களுக்கும் மாற்றியது. இரண்டாம் பாகத்தில் மதிப்பெண்ணே இல்லை. வளர்ந்த விதம், துணைவரோடு உள்ள உறவு, யார் துணை நிற்கிறார்கள் என்றெல்லாம் உட்கார்ந்து பேசுவதுதான் அந்தப் பாகம். இரண்டையும் சேர்த்தே முடிவு எடுக்கப்படுகிறது. மத்திய ஆஸ்திரேலியத் தாளுக்கு இத்தகைய இரண்டாம் பாகம் ஒன்று கூடவே பிறந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கண்டறிந்த பிறகு எங்கே அனுப்புவது? 2006 நவம்பர் முதல், பொது மருத்துவர் திட்டம் எழுதிக் கொடுத்தால் உளவியலாளரைப் பார்க்கும் செலவில் ஒரு பகுதியை அரசின் பொது மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஏற்கிறது. ஆண்டுக்கு 10 தனி அமர்வுகள் வரை. நகரத்தில், கதவு சாத்திய அறையில், ஒருவரோடு ஒருவர் பேசும் முறைக்காக வகுக்கப்பட்ட ஏற்பாடு இது. குடும்பத்தினரோடு பேசவும் அதில் வழிசெய்யப்பட்டது 2023-இல்தான். அதுவும் இரண்டு அமர்வுகள். உடல், மனமும் உணர்வும், குடும்பமும் உறவுமுறையும், சமூகம், பண்பாடு, நிலம், உயிரும் மூதாதையரும் என்று ஏழு இழைகளாகப் பூர்வகுடி உளவியலாளர்கள் நலத்தை வரையறுக்கிறார்கள். பத்து அமர்வு ஏற்பாடு அவற்றில் ஒன்றைத்தான் தொடுகிறது. மக்கள்தொகையில் 3.8 விழுக்காடாக உள்ள பூர்வகுடி மக்கள் உளவியலாளர்களில் ஒரு விழுக்காடுகூட இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிம்பர்லியில் உயிரிழந்த 13 சிறார், இளையோர் பற்றிய மரண விசாரணையில், மேற்கு ஆஸ்திரேலிய விசாரணை அதிகாரி 2019 பிப்ரவரியில் 42 பரிந்துரைகளை அளித்தபோது, தலைமுறைகளாகத் தொடரும் காயத்தையும் வறுமையையும் சமூகம் முழுவதையும் நசுக்கும் சுமைகளாகவே சுட்டிக்காட்டினார். அந்தச் சுமையை ஒரு தனி ஆளின் பத்து மணி நேரத்தில் இறக்கிவைக்க முடியாது.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வேறொரு வழி நீண்ட நாட்களாகத் திறந்திருக்கிறது. அங்கிருந்து இயங்கும், பாலைநிலப் பூர்வகுடிப் பெண்களின் அமைப்பான என்.பி.ஒய். பெண்கள் மன்றம், நங்காரி எனப்படும் மரபு வைத்தியர்களை ஊதியம் கொடுத்துப் பணியமர்த்தி, மருத்துவமனைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் அனுப்புகிறது. அதிர்ச்சியாலோ துக்கத்தாலோ இடம்பெயர்ந்துபோன குருன்பாவைத் தொட்டும் ஊதியும் மீண்டும் அதன் இடத்தில் சேர்ப்பது அவர்கள் தொழிலில் ஒரு பகுதி. 2011-இல் சிட்னியில் உலக உளச்சிகிச்சை மன்றம் இவர்களுக்கு சிக்மண்ட் பிராய்டு பெயரிலான விருதை வழங்கியது. என்.பி.ஒய். பெண்கள் மன்றம் 2012 வாக்கில் தொடங்கிய "ஊட்டி குலிஞ்ஜாக்கு" என்ற முயற்சியின் பெயரில் உள்ள குலினி என்ற வினைச்சொல்லுக்குக் கேட்பது, யோசிப்பது, புரிந்துகொள்வது ஆகிய மூன்றும் பொருள். நங்காரிகளும் மூத்த பெண்களும் மனநல மருத்துவர்களும் ஒன்றாக அமர்ந்து, "ட்ராமா" என்றால் எங்கள் மொழியில் என்ன, "ஜிட்டுரு-ஜிட்டுரு" என்றால் உங்கள் மொழியில் வெறும் வருத்தம்தானா என்று சொல் சொல்லாகப் பேசினார்கள். பி.எச்.கியூ தாளின் கதையில் சொற்கள் ஆங்கிலத்திலிருந்து இவர்களை நோக்கி வந்தன. இங்கே மருத்துவர்கள் மாணவர்களாக இருந்து கற்றார்கள். அந்தப் பேச்சிலிருந்து பிட்ஜன்ஜாஜாரா, ஙாஞ்ஞாஜாரா, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் உணர்வுச் சொற்களைப் படங்களோடு அடுக்கிய சுவரொட்டி ஒன்று உருவானது. சுகாதார நிலையத்தின் சுவரில் அது ஒட்டப்பட்டிருந்தால், மாத்திரை வாங்க வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் வாய் திறக்காமலேயே ஒரு சொல்லின்மேல் விரலை வைத்துக் காட்டலாம்.